ஜாக் தி ரிப்பர் வழக்கு: இக்காலத் தீர்வுகள் மீதான ஐயங்கள்

1888ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியான வைட்சேப்பலிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் ஏழைப் பெண்கள் சிலர் அடுத்தடுத்துக் கொலை செய்யப்பட்டனர். கொலையாளி பிடிபடவில்லை. அவன் பெயரும் தெரியவில்லை. ஒரு கடிதத்தின் கீழே கையொப்பமாக இருந்து, செய்தித்தாள்கள் வழியே பரவிய 'ஜாக் தி ரிப்பர்' என்னும் பெயரே இன்றுவரை அவனுக்கு வழங்கி வருகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை "மர்மம் விலகியது", "மரபணுச் சோதனையில் கொலையாளி சிக்கினான்" என்பன போன்ற தலைப்புகளில் செய்திகள் வருகின்றன. ஒவ்வொரு முறையும் பெயர் வேறாக இருக்கிறது. அவ்வாறு முன்வைக்கப்பட்ட தீர்வுகளில் சிலவற்றையும், அவை ஏன் ஐயத்துக்கு உரியவை என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கொலைகள்

இலண்டன் காவல்துறையின் 'வைட்சேப்பல் கொலைகள்' கோப்பில் 1888 ஏப்ரல் முதல் 1891 பிப்ரவரி வரை நடந்த பதினொரு கொலைகள் அடங்கியுள்ளன. இவற்றுள் ஐந்தை மட்டுமே ஒரே கொலையாளியின் செயலாகப் பெரும்பாலோர் கொள்கின்றனர். மேரி ஆன் நிக்கல்ஸ் (ஆகஸ்ட் 31), ஆனி சாப்மன் (செப்டம்பர் 8), எலிசபெத் ஸ்டிரைடு, கேத்தரின் எட்டோஸ் (இருவரும் செப்டம்பர் 30), மேரி ஜேன் கெல்லி (நவம்பர் 9) ஆகியோர் அந்த ஐவர். கெல்லியைத் தவிர மற்ற நால்வரும் நாற்பது வயதைக் கடந்தவர்கள்.

இந்த 'ஐந்து' என்ற எண்ணிக்கையே உறுதியானதன்று. ஸ்டிரைடின் கழுத்து மட்டும் அறுக்கப்பட்டிருந்தது. மற்றவர்களின் உடலில் காணப்பட்ட சிதைப்பு அவரிடம் இல்லை. எனவே அவரைக் கொன்றவன் வேறொருவனாக இருக்கலாம் என்போர் உண்டு. ஆகஸ்ட் 7 அன்று கொல்லப்பட்ட மார்த்தா டாப்ரமையும் சேர்த்து ஆறு என்போரும் உண்டு. எந்தெந்தக் கொலைகளை ஒருவன் செய்தான் என்பதே முடிவாகாதபோது, 'இந்தத் தேதியில் இவர் இலண்டனில் இருந்தாரா' என்ற கேள்வியைக்கூட ஒழுங்காகக் கேட்க முடிவதில்லை.

எஞ்சியிருக்கும் சான்றுகள்

1888இல் தடய அறிவியல் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. கத்தியில் இருப்பது மனித இரத்தமா விலங்கின் இரத்தமா என்று உறுதியாகப் பிரித்தறியும் சோதனை 1901இல்தான் வந்தது. இலண்டன் காவல்துறையில் கைரேகைப் பிரிவு தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அதைத் தொடங்கிய எட்வர்டு ஹென்றி, கல்கத்தாவில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இந்தியக் காவல் அலுவலர்களின் உழைப்பால் உருவான வகைப்பாட்டு முறையையே அங்குக் கொண்டு சென்றார். மரபணு அடையாளச் சோதனையை அலெக் ஜெஃப்ரிஸ் கண்டறிந்தது 1984இல். எனவே 1888இல் இரத்தம் தோய்ந்த ஒரு துணியைப் பிற்காலச் சோதனைக்காகப் பத்திரப்படுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

அக்காலத்தில் கிடைத்த ஒரே நல்ல பொருட்சான்று ஒரு துணித்துண்டு. எட்டோஸ் கொல்லப்பட்ட இரவில், கோல்ஸ்டன் தெருவில் ஒரு வாசலருகே ஆல்ஃபிரட் லாங் என்னும் காவலர் அதைக் கண்டெடுத்தார். எட்டோஸ் இடுப்பில் கட்டியிருந்த மேலங்கித் துணியிலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட பகுதி அது. உடலோடு கிடந்த மீதித் துணியுடன் அது பொருந்தியது. கொலையாளி கையில் எடுத்துச் சென்ற பொருள் என்று ஐயமில்லாமல் கூறத்தக்கது அது ஒன்றுதான். அது இன்று நம்மிடம் இல்லை.

காகித ஆவணங்களின் நிலையும் இதுவே. இலண்டன் மாநகரின் மையப்பகுதிக்குத் தனிக் காவல்துறை உண்டு. எட்டோஸ் கொலை அதன் எல்லைக்குள் நடந்தது. அக்காவல்துறையின் கோப்புகள் பெரும்பாலும் இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சில் அழிந்தன. மற்ற காவல்துறையின் கோப்புகளிலிருந்து பல தாள்கள் காணாமற்போயின. ரிப்பர் என்ற பெயரை முதன்முதலில் தாங்கி வந்த கடிதமே பல ஆண்டுகள் காணாமற்போய், 1987இல் பெயர் குறிப்பிடாத ஒருவரால் அஞ்சலில் திருப்பி அனுப்பப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அது எத்தனை பேர் கையில் புரண்டதோ!

காவல் அதிகாரிகளின் முரண்பட்ட கூற்றுகள்

'அப்போதைய அதிகாரிகளுக்கு உண்மை தெரியும், வெளியே சொல்லவில்லை' என்ற கருத்து பரவலாக உள்ளது. அவர்கள் விட்டுச்சென்ற குறிப்புகளைப் படித்தால் அப்படித் தோன்றவில்லை.

1894இல் மெல்வில் மெக்நாட்டன் எழுதிய குறிப்பாணை டுரூயிட், கோஸ்மின்ஸ்கி, ஆஸ்ட்ராக் என்னும் மூன்று பெயர்களைத் தருகிறது. அப்போது ஒரு செய்தித்தாள் வேறொருவரைக் கொலையாளி என்று சுட்டியிருந்தது. அவரைவிட இம்மூவரில் எவரும் அதிகப் பொருத்தமானவர் என்று காட்டுவதற்காகவே அந்தக் குறிப்பு எழுதப்பட்டது. 'இவர்தான்' என்று அது கூறவில்லை. மெக்நாட்டன் காவல்துறையில் சேர்ந்ததே 1889இல்; கொலைகள் நடந்தபோது அவர் அங்கு இல்லை. டுரூயிட்டை அவர் 41 வயது மருத்துவர் என்று எழுதுகிறார். உண்மையில் டுரூயிட் 31 வயது வழக்கறிஞர். பள்ளி ஆசிரியராகவும் பணிபுரிந்தவர். ஆனி சாப்மன் கொல்லப்பட்ட அதே நாள் முற்பகலில் அவர் பிளாக்ஹீத் மைதானத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார். ஆஸ்ட்ராக்கோ கொலைகள் நடந்த மாதங்களில் பிரான்சில் சிறையில் இருந்தார் என்பது பிற்காலத்தில் தெரியவந்தது.

இராபர்ட் ஆண்டர்சன் 1910இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பில் கொலையாளி ஒரு போலந்து யூதர் என்று அடித்துச் சொன்னார், பெயர் தரவில்லை. அந்நூலின் ஒரு படியில் முன்னாள் அதிகாரி டொனால்டு ஸ்வான்சன் பென்சிலால் எழுதிய ஓரக்குறிப்பு, அது கோஸ்மின்ஸ்கி என்கிறது. அவர் மனநல விடுதியில் அடைக்கப்பட்டு விரைவில் இறந்தார் என்றும் சேர்க்கிறது. விடுதிப் பதிவுகளில் கிடைக்கும் ஆரோன் கோஸ்மின்ஸ்கி இறந்தது 1919இல். களத்தில் விசாரணை நடத்திய ஃபிரெடரிக் அபர்லைன் 1903இல் இவர்கள் எவரையும் சொல்லாமல், மனைவியர் எனப்பட்ட மூவரை நஞ்சிட்டுக் கொன்ற ஜார்ஜ் சாப்மன் மீது ஐயம் தெரிவித்தார். நால்வரும் பொறுப்பான பதவிகளில் இருந்தவர்கள். நால்வரும் ஒரே வழக்கைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

பெயரிலிருந்து தொடங்கும் ஆய்வு

இக்காலத் தீர்வுகளில் பலவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. முதலில் ஒரு பெயர் தேர்ந்தெடுக்கப்படுகிறது. பிறகு அதற்கேற்ற சான்று தேடப்படுகிறது. கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்துக்கொண்டு வழிமுறை எழுதும் மாணவர்களை ஆசிரியர்கள் எளிதில் கண்டுகொள்வோம். விடை சரியாக இருக்கும். நடுவில் ஒரு வரி மட்டும் காரணமில்லாமல் தாவியிருக்கும். இந்த நூல்களைப் படிக்கும்போதும் அந்த வரியைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

எடுத்துக்காட்டாக, அமெரிக்கப் புதின எழுத்தாளர் பேட்ரீசியா கார்ன்வெல் 2002இல் வெளியிட்ட நூலில் ஓவியர் வால்டர் சிக்கர்ட்டே கொலையாளி என்றார். தம் சொந்தச் செலவில் அறிவியலாளர்களை அமர்த்தி, ரிப்பர் பெயரில் வந்த கடிதங்களின் அஞ்சல்தலைகளிலும் உறைகளிலும் இருந்த எச்சில் தடயத்தைச் சோதிக்கச் செய்தார். சிக்கர்ட்டின் உடல் எரியூட்டப்பட்டுவிட்டதால் ஒப்பிட்டுப் பார்க்க அவரது மரபணு கிடையாது. அவர் கையாண்ட தாள்களில் கிடைத்த தடயத்தோடு ஒப்பிட்டதில் ஓரளவு ஒற்றுமை தெரிந்தது. அத்தகைய ஒற்றுமை அன்றைய இலண்டனில் ஏராளமானோருக்கு இருந்திருக்கும்.

வாதத்துக்காக அதைச் சரியென்றே கொள்வோம். அப்போது நிறுவப்படுவது என்ன? சிக்கர்ட் ஒரு பொய்க் கடிதம் எழுதினார் என்பது மட்டுமே. ரிப்பர் பெயரில் காவல்துறைக்கும் செய்தித்தாள்களுக்கும் நூற்றுக்கணக்கான கடிதங்கள் வந்தன. 1888 அக்டோபரில் பிராட்ஃபோர்டு நகரில் ஓர் இளம்பெண் அப்படிக் கடிதம் எழுதியதற்காகக் கைதானார். 2006இல் ஆஸ்திரேலிய அறிவியலாளர் ஒருவர் இத்தகைய கடிதம் ஒன்றைச் சோதித்தபோது அனுப்பியவர் பெண்ணாக இருக்கலாம் என்ற முடிவுக்கு வந்ததாகச் செய்தி வெளியானது. உடனே 'ரிப்பர் ஒரு பெண்ணா?' என்று எழுதத் தொடங்கினார்கள். கடிதத்துக்கும் கத்திக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை இரண்டு சோதனைகளும் கடக்கவில்லை. தவிரவும், 1888 கோடையின் பிற்பகுதியில் சிக்கர்ட் பிரான்சில் இருந்ததாக அவர் குடும்பத்தாரின் கடிதங்கள் தெரிவிக்கின்றன.

அரச குடும்பச் சதி என்ற கதையும் இவ்வகையே. 1976இல் ஸ்டீஃபன் நைட் எழுதிய நூலால் அது புகழ்பெற்றது. அவருக்கு அக்கதையைச் சொன்னவரே 1978இல் ரிப்பர் தொடர்பான பகுதி தம் கற்பனை என்று கூறிவிட்டார். ஆயினும் திரைப்படங்கள் அதை விடவில்லை.

பின்னாளில் வந்த வேறொரு கருத்து நிக்கல்ஸின் உடலை முதலில் கண்ட வண்டிக்காரரையே குற்றவாளி ஆக்குகிறது. அதிகாலை வேலைக்குச் செல்லும் வழியில் உடலைப் பார்த்து, அடுத்து வந்தவரிடமும் பிறகு காவலரிடமும் சொன்னவர் அவர். விசாரணையில் அவர் தம் மாற்றாந்தந்தையின் குடும்பப் பெயரைச் சொன்னார் என்பது பெரிய சான்றாகக் காட்டப்படுகிறது. தம் முகவரியையும் வேலையிடத்தையும் அவர் மறைக்கவில்லை.

ஒரு பொருட்பட்டியல்

இந்த வழக்கில் என்னை மிகவும் ஈர்த்த ஆவணம் எட்டோஸின் உடலோடு இருந்த உடைகளுக்கும் பொருள்களுக்கும் காவல்துறை எழுதிய பட்டியல். அவர் நிலையான வீடு இல்லாதவர். தமக்குரிய அனைத்தையும் உடலிலேயே சுமந்தவர். ஒன்றின்மேல் ஒன்றாக அணிந்த பாவாடைகள், ஆண்கள் அணியும் காலணி ஒரு சோடி, கழுத்தில் சுற்றிய சிவப்பு நிற மெல்லிய பட்டுத்துண்டு, வெள்ளைத் துணித்துண்டுகள் பன்னிரண்டு, தேயிலை வைத்த தகரச் சிமிழ் ஒன்று, சர்க்கரை வைத்த சிமிழ் ஒன்று, சீப்பு, நூல்கண்டு, ஒற்றைச் சிவப்புக் கையுறை, அடகுச் சீட்டுகள் இருந்த கடுகுச் சிமிழ், வெறும் தீப்பெட்டித் தகரம் ஒன்று என அது நீள்கிறது. தேயிலையும் சர்க்கரையும் வாங்கியது எப்படி என்பதும் தெரியும்: தம்மோடு வாழ்ந்த ஜான் கெல்லியின் காலணிகளை அடகு வைத்து. எழுதியவர்கள் ஒரு துணித்துண்டையும் விடாமல் எழுதியிருக்கிறார்கள்.

இக்காலத் தீர்வுகளுள் பெரும்பரபரப்பை ஏற்படுத்திய இரண்டு, இந்தப் பட்டியலில் இடறி விழுகின்றன.

முதலாவது 1992இல் வெளிப்பட்ட நாட்குறிப்பு. லிவர்பூல் பருத்தி வணிகர் ஜேம்ஸ் மேப்ரிக் எழுதியதாகக் கூறப்பட்ட அதில், தானே ரிப்பர் என்ற ஒப்புதல் இருந்தது. மேப்ரிக் 1889இல் இறந்தவர். அவருக்கு நஞ்சிட்டதாக மனைவி ஃபுளோரன்சு தண்டிக்கப்பட்டது தனிக்கதை. பழைய ஒட்டுப்புத்தகம் ஒன்றின் முன்பக்கங்களை வெட்டி எடுத்துவிட்டு, எஞ்சிய தாள்களில் நாட்குறிப்பு எழுதப்பட்டிருந்தது. கையெழுத்து மேப்ரிக்கின் உயிலோடு ஒத்துப்போகவில்லை. இருபதாம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்த ஆங்கிலச் சொற்றொடர் ஒன்று அதில் இடம்பெற்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'தகரத் தீப்பெட்டி, வெறுமை' என்ற காவல்துறைப் பட்டியலின் சொற்களே, பட்டியலுக்குரிய அதே நடையில், கொலையாளியின் வாக்கியமாக அதில் வருகின்றன. அப்பட்டியல் பொதுமக்களுக்கு எட்டும் வகையில் நூல்களில் அச்சானது 1980களில்தான். நாட்குறிப்பை வெளியே கொண்டுவந்தவர் தாமே அதைப் புனைந்ததாக 1994இல் ஒப்புக்கொண்டார், பின்னர் மறுத்தார், மீண்டும் உறுதிமொழி அளித்தார். அவர் சொல்லை எந்தப் பக்கத்துக்கும் சான்றாகக் கொள்ள முடியாது. சான்று அந்தத் தீப்பெட்டிதான்.

இரண்டாவது ஒரு சால்வை. நாட்குறிப்பில் பட்டியலின் சொல் அப்படியே இருக்கிறது என்பது சிக்கல். சால்வைக்கோ, அது பட்டியலில் இல்லை என்பது சிக்கல்.

சால்வையும் டி.என்.ஏ.யும்

2007இல் ஓர் ஏலத்தில் பழைய பட்டுச் சால்வை ஒன்றைத் தொழிலதிபர் ரஸ்ஸல் எட்வர்ட்ஸ் வாங்கினார். எட்டோஸின் உடலருகே கிடந்ததை ஏமஸ் சிம்ப்சன் என்ற காவலர் வீட்டுக்கு எடுத்துச் சென்றார் என்பது அதனுடன் வந்த குடும்பக் கதை. சிம்ப்சன் பணியாற்றியது மாநகரப் பெருங்காவல்துறையில்; கொலை நடந்த மைட்டர் சதுக்கமோ மற்றக் காவல்துறையின் எல்லையில் உள்ளது. அவர் அங்கு இருந்ததாகப் பதிவு எதுவும் இல்லை. அடகு வைத்துத் தேயிலை வாங்கிய பெண்ணிடம் விலையுயர்ந்த பட்டுச் சால்வை இருந்திருக்காது என்பதால், அது கொலையாளியுடையது என்று எட்வர்ட்ஸ் விளக்கினார். விளக்கம் பொருந்துவதுபோல் தோன்றினாலும், பட்டியலில் ஏன் இல்லை என்ற கேள்விக்கு அது விடையன்று.

லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜாரி லூஹெலைனன் சால்வையைச் சோதித்தார். எட்டோஸின் வழித்தோன்றல் ஒருவரின் மரபணுவோடும், ஆரோன் கோஸ்மின்ஸ்கியின் சகோதரி வழியில் வந்தவரின் மரபணுவோடும் சால்வையிலுள்ள தடயங்கள் பொருந்தின என்று 2014இல் நூலாகவும் செய்தியாகவும் அறிவிக்கப்பட்டது.

இங்கே பயன்பட்டது மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. இது தாயிடமிருந்து பிள்ளைகளுக்கு ஏறக்குறைய மாறாமல் செல்வது. பழைய, சிதைந்த பொருள்களிலும் கிடைக்கும் என்பது இதன் நன்மை. ஒருவரை மட்டும் தனித்துக் காட்டாது என்பது இதன் குறை. ஒரே தாய்வழியில், பல நூற்றாண்டுகளுக்கு முன் பிரிந்த கிளைகளைச் சேர்ந்தவர்களுக்கும் இது ஒன்றாகவே இருக்கலாம். எனவே இரண்டு மாதிரிகள் பொருந்தாவிட்டால் 'இவரல்லர்' என்று துணிந்து சொல்லலாம். பொருந்தினால் 'இவராகவும் இருக்கலாம்' என்பதற்குமேல் சொல்ல இயலாது.

எட்டோஸ் தொடர்பான பொருத்தத்துக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது ஒரு மரபணுத் திரிபு. 2,90,000 பேரில் ஒருவருக்கே அது இருக்கும் என்றனர். சில வாரங்களிலேயே மரபியல் வல்லுநர்கள் அதில் பிழை கண்டனர். திரிபைக் குறிக்கும் எண் 315.1சி என்றிருக்க வேண்டியது 314.1சி என்று எழுதப்பட்டிருந்தது. சரியான எண்ணுக்குரிய திரிபு ஐரோப்பிய வழியினரில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு உள்ளது. எண் ஒன்று பிசகியதில் அரியது என்று கருதப்பட்டது எல்லோருக்கும் பொதுவானதாகிவிட்டது.

2019இல் இந்த ஆய்வு ஒரு தடய அறிவியல் ஆய்விதழில் வெளிவந்தது. 'அறிவியல் இதழே ஏற்றுவிட்டது' என்று பலர் கருதினர். ஆனால் அக்கட்டுரையில் மரபணு வரிசைகள் எழுத்துகளாகத் தரப்படவில்லை. உறவினர்களின் தனியுரிமையைக் காரணம் காட்டி வண்ணக் கட்டங்களாக வரையப்பட்டிருந்தன. பிறர் சரிபார்க்க முடியாத முடிவு என்று வல்லுநர்கள் அப்போதே குறைகூறினர். 2024இல் அந்த இதழே கட்டுரையைப் பற்றிக் கவலைக் குறிப்பு ஒன்றை வெளியிட்டது. கேட்கப்பட்ட மூலத் தரவுகளை ஆசிரியர்களால் அளிக்க இயலவில்லை. இந்தக் குறிப்பு முதல் செய்தியைப்போல் பரவவில்லை.

சோதனை பிழையற்றதாகவே இருந்திருந்தாலும், 1888க்கும் 2007க்கும் இடையே அந்தத் துணியைத் தொட்டவர்கள், அதன்மேல் இருமியவர்கள், அதை மடித்து வைத்தவர்கள் யார் யார் என்ற பதிவு இல்லை. நீதிமன்றத்தில் ஒரு பொருளைச் சான்றாக ஏற்க, அது யாரிடமிருந்து யாரிடம் எப்போது போனது என்ற தொடர் அறுபடாமல் இருக்க வேண்டும். இங்கே அத்தொடரின் முதல் கண்ணியே இல்லை.

பாஸ்டன் வழக்கோடு ஓர் ஒப்பீடு

பழைய தொடர்கொலைகளில் மரபணுச் சோதனை பயன்படாது என்று இதனால் கொள்ளக்கூடாது. 1962 முதல் 1964 வரை அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் நடந்த பெண் கொலைகளைத் தாமே செய்ததாக ஆல்பர்ட் டிசால்வோ ஒப்புக்கொண்டிருந்தார். அக்கொலைகளுக்காக அவர்மேல் வழக்கு நடக்கவில்லை. 1973இல் சிறையில் கொல்லப்பட்டார். அவரது ஒப்புதல் உண்மையா என்ற ஐயம் நாற்பது ஆண்டுகள் நீடித்தது. 1964 ஜனவரியில் கொல்லப்பட்ட மேரி சல்லிவனின் உடலிலிருந்து அப்போதே எடுத்த மாதிரிகளை ஆய்வகம் பாதுகாத்து வைத்திருந்தது. 2013இல் அவற்றை டிசால்வோவின் அண்ணன் தம்பி வழிப் பிள்ளை ஒருவரின் மரபணுவோடு ஒப்பிட்டனர், பொருந்தியது. அதோடு நிறுத்தாமல் டிசால்வோவின் உடலையே தோண்டியெடுத்துச் சோதித்தனர். அதுவும் பொருந்தியது.

இவ்வளவுக்குப் பிறகும் நிறுவப்பட்டது சல்லிவன் கொலை ஒன்று மட்டுமே. மற்றக் கொலைகளையும் டிசால்வோவே செய்தாரா என்பதை அந்தச் சோதனை சொல்லாது. அதிகாரிகளும் அப்படிச் சொல்லவில்லை. வைட்சேப்பலிலோ பாதுகாத்த மாதிரியும் இல்லை, ஒப்பிட உடலும் இல்லை. ஆனால் ஐந்து கொலைகளும் ஒரே துணியால் தீர்ந்துவிட்டதாகத் தலைப்புச் செய்தி வந்தது.

ஆரோன் கோஸ்மின்ஸ்கி

'கொலையாளி இறந்து நூறாண்டு ஆகிறது, யாரைச் சொன்னால் என்ன' என்று மாணவர்கள் கேட்கக்கூடும். சொல்லப்படும் பெயர்கள் உண்மையில் வாழ்ந்தவர்களுடையவை. அவர்களின் உறவு வழியினர் இன்றும் இருக்கிறார்கள். கொலைகள் நடந்த நாள்களில் ஐயம் யார்மேல் பாய்ந்தது என்பதையும் நினைக்க வேண்டும். ஆனி சாப்மன் கொலையுண்டதும், ஓர் ஆங்கிலேயன் இதைச் செய்திருக்க மாட்டான் என்று கூட்டம் கூடி யூதர்களை மிரட்டியது. 'தோல் மேலங்கி' என்ற பட்டப்பெயரால் தேடப்பட்ட யூதச் செருப்புத் தொழிலாளி ஜான் பைசர் செப்டம்பர் 10 அன்று கைதானார். நிக்கல்ஸ் கொல்லப்பட்ட இரவில் துறைமுகத் தீயைப் பார்த்தபடி ஒரு காவலருடன் அவர் பேசிக்கொண்டிருந்தது தெரிந்ததால் தப்பினார். அப்படியொரு சாட்சி கிடைக்காதிருந்தால் அவர் பெயரிலும் இன்று நூல்கள் இருந்திருக்கும்.

கோஸ்மின்ஸ்கிக்கு அத்தகைய சாட்சி எவரும் இல்லை. அதிகாரிகளின் குறிப்புகள் அவருடைய முதற்பெயரைக்கூடத் தரவில்லை. 1980களில் மனநல விடுதிப் பதிவேடுகளைத் தேடியபோது அந்தக் குடும்பப் பெயரில் கிடைத்தவர் ஆரோன் என்பதால், அவரே அவர் என்று கொள்ளப்பட்டார். தேடிக் கண்டவரான மார்ட்டின் ஃபிடோவே அவரைக் கொலையாளியாக ஏற்கவில்லை, வேறொருவரைக் கருதினார்.

பதிவேடுகள் காட்டும் ஆரோன், போலந்திலிருந்து குடும்பத்தோடு வந்த முடிதிருத்தும் தொழிலாளி. காதில் குரல்கள் கேட்பதாகச் சொன்னார். பிறர் கையால் தரும் உணவை ஏற்க அஞ்சி, சாக்கடையோரம் கிடந்த ரொட்டியை எடுத்துத் தின்றார். ஒருமுறை சகோதரியைக் கத்தி காட்டி மிரட்டினார் என்றும் பதிவு உண்டு. 1891 பிப்ரவரியில் கோல்னி ஹாட்ச் விடுதியில் சேர்க்கப்பட்டார். 1894இல் லீவ்ஸ்டன் விடுதிக்கு மாற்றப்பட்டார். இருபத்தெட்டு ஆண்டுகள் விடுதிகளில் இருந்து 1919 மார்ச்சில் இறந்தார். எந்தக் கொலைக்காகவும் அவர்மேல் குற்றம் சாட்டப்படவில்லை.